அத்திரிபாச்சா கொழுக்கட்டை: பாட்டி கதையைச் சிரிக்க வைக்கும் படப் புத்தகமாக்க முழுமையான வழிகாட்டி

மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்ற மாப்பிள்ளை, அதன் பெயர் மறந்துவிடக் கூடாதென்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருகிறான். குறுக்கே ஒரு வாய்க்கால். "அத்திரிபாச்சா!" என்று தாண்டுகிறான். அவ்வளவுதான், கொழுக்கட்டை போச்சு. வாயில் மிஞ்சியது அத்திரிபாச்சா. வீட்டுக்கு வந்து மனைவியிடம் "எனக்கு அத்திரிபாச்சா செய்து கொடு" என்கிறான்.

இந்தக் கதையை வாயால் சொன்னால் நான்கு வயதுக் குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். அதையே பல சிறுவர் கதைத் தொகுப்புகளில் படித்தால் சிரிப்பு வராது. ஒரு பக்கம் முழுக்க நெருக்கமான எழுத்து, மூலையில் ஒரு சின்னப் படம், கடைசியில் "நீதி: கவனமாக இருக்க வேண்டும்." பாட்டி கண்ணாலும் கையாலும் இடைவெளியாலும் செய்த வேலையைப் புத்தகத்தில் செய்ய யாரும் இல்லாமல் போவதுதான் காரணம். படப் புத்தகத்தில் அந்த வேலையைப் படமும் பக்கம் புரட்டுவதும் செய்ய வேண்டும்.

3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு அப்படி ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை எப்படிச் செய்வது என்று இந்த ஒரே கதையை வைத்துச் சொல்கிறேன். எழுத்தாளர், ஆசிரியர், வீட்டில் குழந்தைக்காகக் கையால் புத்தகம் செய்ய நினைக்கும் அம்மா அப்பா, யார் வேண்டுமானாலும் பின்பற்றலாம். எந்தக் கட்டத்திலும் ஒரு கேள்வியை மட்டும் விடாதீர்கள்: மாப்பிள்ளைக்குத் தெரியாதது குழந்தைக்குத் தெரிகிறதா? இந்த வயதில் சிரிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. பெரியவர் ஒருவர் தெரியாமல் முழிக்கிறார், எனக்கோ விடை தெரியும் என்ற பெருமிதமும் அந்தச் சிரிப்பில் கலந்திருக்கிறது.

1. கதையைத் தேர்ந்தெடுப்பது

எல்லா வேடிக்கைக் கதையும் படப் புத்தகத்துக்கு ஒத்துவராது. தெனாலிராமன், பீர்பால் கதைகளில் பல, சொல்லின் சாமர்த்தியத்திலும் அரசவை நடைமுறையிலும் நிற்பவை. எட்டு வயதில் அவை இனிக்கும். நான்கு வயதில் "ராஜா ஏன் சிரிச்சார்?" என்றுதான் கேட்பார்கள். சின்னக் குழந்தைக்கு அறிவாளியின் கதையைவிட அசட்டுத்தனத்தின் கதை நன்றாகப் போகும். நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரே செயல் திரும்பத் திரும்ப வர வேண்டும். பாத்திரங்கள் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம்.

தன் பெயரை மறந்த ஈயின் கதை இதற்கு அருமையான இன்னொரு பொருள். கன்றுக்குட்டியில் தொடங்கி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போய், கடைசியில் குதிரை "ஈஈஈ" என்று கனைக்கும்போது விடை கிடைக்கிறது. இதில் பாத்திரங்கள் அதிகம்தான், ஆனாலும் சங்கிலி நீள நீளக் குழந்தை மனப்பாடமாகச் சொல்லும். தொப்பி வியாபாரியும் குரங்குகளும் கதையில் மேலே குரங்கு செய்வதும் கீழே மனிதர் செய்வதும் ஒரே மாதிரி இருப்பதால் வரைவதற்கென்றே அமைந்தது போலிருக்கும். வடை சுட்ட பாட்டி கதையையும் செய்யலாம். ஆனால் அது இத்தனை முறை புத்தகமாகியிருக்கிறது என்பதால், காகத்தையும் நரியையும் விட்டுவிட்டு, வடையைத் தொலைத்த பாட்டியின் பக்கம் நின்று சொன்னால்தான் புதிதாக ஏதாவது கிடைக்கும்.

2. கேட்டு எழுதுவது

அச்சில் இருக்கும் ஒரு வடிவத்தை எடுத்து மாற்றி எழுத வேண்டாம். நாலைந்து பெரியவர்களிடம் கேளுங்கள். ஒருவர் மாமியார் வீடு என்பார், இன்னொருவர் நண்பன் வீட்டு விருந்து என்பார். சிலர் வாய்க்கால் என்பார்கள், சிலர் சேற்றுக் குழி என்பார்கள். முடிவில்கூட வேறுபாடு இருக்கும். அனுமதி கேட்டு அலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர்கள் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறார்கள், எங்கே நிறுத்தி நம் முகத்தைப் பார்க்கிறார்கள் என்பதைக் குறித்து வையுங்கள். பின்னால் பக்கம் பிரிக்கும்போது அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

இந்தக் கதை நம்மிடம் மட்டும் இருப்பதில்லை. நாட்டுப்புறக் கதைகளை வகைப்படுத்தும் ஆர்னே–தாம்சன்–ஊதர் பட்டியலில் "மறந்துபோன சொல்" என்று 1687ஆம் எண்ணில் ஒரு வகையே இருக்கிறது. ஐரோப்பிய நாடுகளிலும் யாரோ ஒருவன் ஒரு சொல்லை முணுமுணுத்துக்கொண்டு போகிறான், தடுக்கி விழுகிறான், மறக்கிறான். எந்த ஊர்க் குழந்தைக்கும் புரியும் எலும்பு இந்தக் கதைக்கு உண்டு என்று அதிலிருந்து தெரிகிறது. கொழுக்கட்டையும் அத்திரிபாச்சாவும் நம்முடையவை. அவற்றை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

உரிமை விஷயம் எளிது. வாய்வழிக் கதை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதை ஒருவர் எழுதிய வாக்கியங்களும் ஒருவர் வரைந்த படங்களும் அவருக்குச் சொந்தம். 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளரின் வாழ்நாளும் அவர் இறந்த பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். தொகுப்பு நூல்களைப் படித்துக் கதையைத் தெரிந்துகொள்ளலாம், வாக்கியத்தை எடுக்கக் கூடாது.

3. கதையின் எலும்பும், அதிலுள்ள அடியும்

கேட்டதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, கதையை ஏழெட்டு வரியில் எழுதுங்கள். மாப்பிள்ளை கொழுக்கட்டை தின்கிறான். பெயரைச் சொல்லிக்கொண்டே நடக்கிறான். வாய்க்கால் தாண்டும்போது சொல் மாறிவிடுகிறது. வீட்டில் அத்திரிபாச்சா கேட்கிறான். மனைவிக்குத் தெரியவில்லை. கோபத்தில் அவளை அடிக்கிறான். பார்த்தவர்கள் "ஐயோ, கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே" என்கிறார்கள். "அதேதான், அந்தக் கொழுக்கட்டைதான்!" என்று குதிக்கிறான்.

ஆறாவது வரியைப் பாருங்கள். நம் பாட்டிகள் அதையும் சிரித்தபடியேதான் சொன்னார்கள். ஆனால் மனைவியை அடிப்பதைச் சிரிப்பாக வரைந்து நான்கு வயதுக் குழந்தையின் கையில் கொடுக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. எத்தனையோ வீடுகளில் குழந்தைகள் அதை நேரில் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கும் குழந்தை அந்தப் பக்கத்தில் மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்க வேண்டியிருப்பது கொடுமை.

சரி, அந்த வரியை வெட்டிவிடலாமா? வெட்டினால் கதை நின்றுவிடும். அடியால்தான் வீக்கம், வீக்கத்தால்தான் விடை. ஆகவே வீக்கம் இருக்க வேண்டும், அது வேறு வழியில் வர வேண்டும், யாரால் இத்தனை குழப்பமோ அவன் தலையிலேயே வர வேண்டும். பழைய ஓட்டு வீட்டு வாசலை நினைத்துப் பாருங்கள். குனிந்துதான் நுழைய வேண்டும், மறந்தால் வாசல் நிலை தலையில் இடிக்கும். அவசரமாக ஓடும் மாப்பிள்ளையின் தலை நிலையில் மோதுகிறது. நெற்றியில் ஒரு புடைப்பு. "ஐயய்யோ, கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே!" என்று மனைவி சொல்கிறாள். காரணகாரியம் அப்படியே இருக்கிறது, சிரிப்பு போக வேண்டிய ஆளிடம் போய்ச் சேருகிறது.

இப்படி மாற்றினால் ஒரு கடமையும் கூடவே வரும். நிலை திடீரென்று முளைக்கக் கூடாது. முதல் பக்கத்திலேயே மாமியார் "தலை பத்திரம் மாப்பிள்ளை!" என்று சொல்லிவிட வேண்டும். கிளம்பும்போது இன்னொரு தரம். வீட்டுக்குள் நுழையும்போது மனைவி ஒரு தரம். நான்காவது முறை சொல்ல யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. அந்தப் பக்கத்தில் "தலை பத்திரம்!" என்று கத்துவது குழந்தையாக இருக்கும்.

மனைவிக்கு வேலை கொடுங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய வடிவத்தில் அவள் வெறுமனே அடி வாங்குகிறாள். புதிய வடிவத்தில் துப்புத் துலக்குகிறாள். "என்ன நிறம்? இனிப்பா, காரமா? எப்படிச் செஞ்சிருந்தாங்க?" என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிறாள். உருண்டையாக இருக்கும் என்கிறான், லட்டு வருகிறது. வெள்ளையாக இருக்கும் என்கிறான், இட்லி வருகிறது. உள்ளே இனிப்பு இருக்கும் என்கிறான், சுழியம் வருகிறது. சுழியத்தைக் கடித்ததும் முகம் மலர்ந்து, "இதேதான்! ஆனா இது இல்லை!" என்கிறான். உள்ளே அதே பூரணம், வெளியே வேறு. உருண்டை, வெள்ளை, உள்ளே இனிப்பு என்று மூன்றையும் சேர்த்தால் என்ன வரும் என்பது குழந்தைக்குத் தெரியும். வீடே அதிரக் கத்தும்.

பழங்கதையில் கைவைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாய்வழிக் கதைக்கு எழுதி வைத்த மூலம் கிடையாது. எதிரே இருக்கும் குழந்தையைப் பார்த்து ஒவ்வொருவரும் மாற்றித்தான் சொன்னார்கள். அதனால்தான் நாலு பேரிடம் கேட்டால் நாலு வாய்க்கால் வருகிறது.

4. எழுதுவது

முதலில் அளவு. மொத்தப் புத்தகத்துக்கும் 250 முதல் 300 சொற்கள் போதும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஒரே சொல்லில் ஒரு வாக்கியத்தையே அடக்கிவிடுவோம். அதற்கு மேல் போனால் படத்துக்கு இடமும் குழந்தைக்குப் பொறுமையும் இருக்காது.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்ற பழைய வழக்கு இங்கேயும் வரும். கதை சொல்பவர் குரல் எளிய எழுத்துத் தமிழில், பாத்திரங்கள் பேசுவது பேச்சுத் தமிழில் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் நிம்மதி. அப்போதுதான் படிக்கத் தொடங்கும் குழந்தைக்குச் சொற்களைப் பிரித்துக் கொடுங்கள். "கொழுக்கட்டையென்றால்" வேண்டாம், "கொழுக்கட்டை என்றால்" போதும்.

இப்போது ஓர் இடத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். மாப்பிள்ளை வாய்க்காலைத் தாண்டிய பிறகு வரும் பக்கம். வழக்கமாக இப்படி எழுதுவார்கள்:

"தாண்டிய அதிர்ச்சியில் கொழுக்கட்டை என்ற சொல்லை மறந்துவிட்ட மாப்பிள்ளை, அத்திரிபாச்சா என்பதே பலகாரத்தின் பெயர் என்று தவறாக நினைத்துக்கொண்டு நடந்தான்."

மொத்தச் சிரிப்பும் இந்த வாக்கியத்தில் அடங்கிப்போகிறது. குழந்தை கண்டுபிடிக்க வேண்டியதைக் கதையே சொல்லிவிட்டது. இதற்குப் பதில், தாண்டுவதற்கு முன் அவன் நடைக்கு ஒரு பாட்டு கொடுங்கள்:

கொழுக்கட்டை கொழுக்கட்டை
மறக்க மாட்டேன் கொழுக்கட்டை
வீட்டுக்குப் போய்க் கேட்கணும்
கொழுக்கட்டை கொழுக்கட்டை!

தாண்டிய பிறகு அதே மெட்டு, அதே நடை:

அத்திரிபாச்சா அத்திரிபாச்சா
மறக்க மாட்டேன் அத்திரிபாச்சா
வீட்டுக்குப் போய்க் கேட்கணும்
அத்திரிபாச்சா அத்திரிபாச்சா!

வேறு ஒரு வரியும் வேண்டாம். "மறக்க மாட்டேன்" என்று அவன் அதே உறுதியோடு சொல்வதில் இருக்கும் வேடிக்கையை எந்த விளக்கமும் கூட்டாது, குறைக்கத்தான் செய்யும். முதல் பாட்டைக் குறைந்தது இரண்டு முறையாவது பாடவிட்டால்தான் குழந்தையின் காதில் அது பதியும். பதிந்த பிறகுதான் மாறியது தெரியும்.

ஒலிக்குறிப்புகளைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். குடுகுடுவென்று ஓடினான், தொபுக்கென்று குதித்தான், டமால் என்று இடித்தான். இந்தச் செல்வம் தமிழில் ஏராளம். ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான்.

"மிகவும் வேடிக்கையான", "முட்டாள் மாப்பிள்ளை" போன்ற அடைமொழிகளை ஈவிரக்கமில்லாமல் அடித்துவிடுங்கள். அவன் முட்டாள் என்று கதை சொல்லக் கூடாது. அவன் தன்னளவில் மிகவும் மும்முரமாக இருக்கிறான். அந்த மும்முரத்தால்தான் அவன்மேல் குழந்தைக்குப் பாசமும் வருகிறது.

5. பக்கம் பிரிப்பது

என் அனுபவத்தில் புத்தகம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். வெளிநாட்டுப் படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளில் அச்சிட்டு மடிப்பதால் எட்டின் மடங்கில் பக்கம் வருவது சிக்கனம். நம் ஊரில் 16, 24 பக்கப் புத்தகங்களும் நிறைய. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்கு நான்கின் மடங்கு கட்டாயம். இந்தக் கதைக்கு 24 பக்கம் சரியாக இருக்கும்.

ஆறு ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் 24 பக்க மாதிரிப் புத்தகம் கையில் இருக்கும். பக்க எண்ணைப் பென்சிலால் போடுங்கள். பக்கம் 1 தலைப்பு, 2 பதிப்பு விவரம். கதை 3இல் தொடங்குகிறது. அதன் பிறகு 4–5, 6–7 என்று இரண்டிரண்டாக விரியும் பத்து விரிப்புகள். கடைசியாக 24 தனிப் பக்கம்.

தமிழ்ப் புத்தகத்தில் பக்கம் புரட்டுவது வலக் கைப் பக்கத்தின் முடிவில். ஒற்றைப்படை எண் உள்ள பக்கங்கள்தான் அவை. கேள்வி அங்கே, விடை புரட்டிய பிறகு. இந்த விதியை வைத்து முதலில் இரண்டு இடங்களைக் குறித்துவிடுங்கள்: தாண்டல், தலை இடித்தல். மற்றதெல்லாம் அவற்றுக்கு ஏற்ப நகர்ந்து உட்காரும்.

நான் பிரிப்பது இப்படி. பக்கம் 3இல் குனிந்து நுழைகிறான், முதல் "தலை பத்திரம்". 4–5இல் தின்கிறான். தட்டு காலியாவதைச் சின்னச் சின்னப் படங்களாகக் காட்டலாம். 6–7இல் பெயரைக் கேட்டுக்கொண்டு கிளம்புகிறான், இரண்டாம் "தலை பத்திரம்". 8–9இல் பாட்டு, நடை. 10இல் மறுபடி பாட்டு, ஆட்டு மந்தை குறுக்கே வந்தும் மறக்கவில்லை. குழந்தைக்கு அவன்மேல் நம்பிக்கை வர வேண்டும். 11இல் வாய்க்கால் கரை. வேட்டியை மடித்துக் கட்டி, நாலடி பின்னால் போய், வாயைத் திறந்து "அத்திரி..."

புரட்டினால் 12–13, இரண்டு பக்கத்தையும் நிரப்பும் ஒரே படம், ஒரே சொல்: "...பாச்சா!" கால் இரண்டும் காற்றில், கீழே தவளைகள் அண்ணாந்து பார்க்கின்றன. இந்த விரிப்பில் வேறு எழுத்து வைக்க ஆசை வரும், வைக்காதீர்கள். 14–15இல் மாறிப்போன பாட்டு.

16–17 வீடு, மூன்றாம் "தலை பத்திரம்", மனைவியின் கேள்விகள். 18–19 பலகாரங்கள். 20இல் பொறுமை இழந்து, "நான் போய் அத்தைகிட்டயே கேட்டுட்டு வர்றேன்!" 21இல் வாசலை நோக்கி ஓட்டம், மனைவியின் கை நீண்டிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, சொல் இன்னும் வரவில்லை. புரட்டினால் 22இல் டமால். 23இல் புடைப்பும் அந்த ஒரு வாக்கியமும்.

24ஆம் பக்கத்தில் கதையை ஒரு சுற்று மறுபடி முடுக்கிவிடலாம். மேலே காலித் தட்டு. "வெல்லம் தீர்ந்துபோச்சுங்க" என்கிறாள். கீழே, நெற்றியில் துணிக்கட்டோடு மாப்பிள்ளை கடைக்குப் போகிறான்: "வெல்லம்... வெல்லம்... வெல்லம்..." எதிரே அதே வாய்க்கால், ஒரு கால் ஏற்கெனவே மேலே. இந்தப் பக்கத்தில் எல்லாக் குழந்தைகளும் அவனிடம் பேசுவார்கள்.

6. படம்

நீங்களே வரையாவிட்டால், ஓவியருக்குக் கதையோடு ஒரு தனிக் குறிப்பும் கொடுங்கள். எழுத்தில் இல்லாதது மட்டும் அதில் இருக்கட்டும். எழுத்தில் இருப்பதை எப்படி வரைவதென்று அவருக்குத் தெரியும், அதில் தலையிட வேண்டாம்.

என் குறிப்பில் முதலில் இருப்பது இது: வாய்க்காலுக்குப் பிறகு வரும் ஒவ்வொரு பக்கத்திலும் எங்காவது ஒரு கொழுக்கட்டை வடிவம் ஒளிந்திருக்க வேண்டும். தூரத்துக் குன்று, வைக்கோல் போர், சுருண்டு படுத்த பூனை, வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கொண்டை. மாப்பிள்ளை ஒவ்வொன்றையும் கடந்து போகிறான், எதையும் கவனிக்கவில்லை. எழுத்து இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. முதல் வாசிப்பில் ஒன்றிரண்டுதான் கண்ணில் படும். அடுத்த முறைகளில் மற்றவற்றைத் தேடுவார்கள். குழந்தைகள் ஒரே புத்தகத்தை எத்தனை முறை கேட்பார்கள் என்று நமக்குத் தெரியும்தானே.

கொழுக்கட்டையின் வடிவத்தை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். விரல் பதிந்த பிடி கொழுக்கட்டை வரைய அழகு, ஆனால் நெற்றிப் புடைப்பு அப்படி இருக்காது. மேலே கூம்பிய உருண்டைப் பூரணக் கொழுக்கட்டைதான் இந்தக் கதைக்குப் பொருந்தும். யாழ்ப்பாணத்துக் குழந்தைகளும் படிக்கப் போகிறார்கள் என்றால் ஒரு சங்கடம்: அங்கே உருண்டையாக இருப்பது மோதகம், கொழுக்கட்டை என்றால் ஓரம் மடித்த பிறை வடிவம். அந்த வாசகர்களுக்கென்று தனிப் பதிப்பு செய்தால் பிறை வடிவத்தையே எடுத்துக்கொண்டு, புடைப்பைப் புருவத்தின் மேல் நீளவாக்கில் வரையச் சொல்லலாம்.

பூனைக்குத் தனிக் கதை கொடுங்கள். பக்கம் 5இல் அது ஒரு கொழுக்கட்டையைத் திருடட்டும். பிறகு புத்தகம் முழுக்க அதைத் தின்ன நல்ல இடம் தேடி மாப்பிள்ளையின் பின்னாலேயே வரட்டும். அவன் தேடுவது பூனையின் வாயில் இருக்கிறது!

யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். தொப்பை, கறுப்பு நிறம், வழுக்கை, திக்குவாய் இவற்றை வைத்துச் சிரிப்பு வரவழைப்பது நம் வழக்கத்தில் ஊறிப்போன கெட்ட பழக்கம். மாப்பிள்ளையும் மனைவியும் நம் தெருவில் பார்க்கும் நிறத்தில் இருக்கட்டும். மாமியார் என்றாலே சிடுமூஞ்சி என்று வரைய வேண்டாம். இந்தக் கதையில் அவர் அன்பாகப் பலகாரம் செய்து போட்டு, தலை பத்திரம் என்று எச்சரிக்கிறவர்.

எழுத்து வைக்க வானத்திலோ தரையிலோ வெற்றிடம் விடச் சொல்லுங்கள். எழுத்தின் அளவு 18 முதல் 22 பாயின்ட். கி, கீ போல மேல் விலங்கும் கு, கூ போலக் கீழ்ச் சுழியும் உள்ள எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டாதபடி வரி இடைவெளி தாராளமாக இருக்கட்டும். அலங்கார எழுத்துருவைத் தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். கணினி தானாக வரியை உடைத்து "கொழுக்-கட்டை" என்று ஆக்கியிருக்கிறதா என்று கடைசி நேரத்திலும் ஒரு முறை பாருங்கள்.

7. குழந்தைகளிடம் படித்துப் பார்ப்பது

வண்ணம் தீட்டுவதற்கு முன்பே, பென்சில் கோட்டுப் படங்கள் உள்ள மாதிரிப் புத்தகத்தோடு அங்கன்வாடிக்கோ நூலகத்துக்கோ தெரிந்தவர் வீட்டுக்கோ போங்கள். உங்கள் சொந்தப் பிள்ளைகளிடம் மட்டும் படித்தால் பலனில்லை, உங்கள் முகத்தைப் பார்த்தே சிரித்துவிடுவார்கள். முடிந்தால் வேறொருவரைப் படிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஓரமாக உட்கார்ந்து குழந்தைகளைக் கவனியுங்கள்.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள், பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எந்தப் பக்கத்தில் முன்னால் நகர்ந்து வந்தார்கள், எங்கே ஜன்னலைப் பார்த்தார்கள், எங்கே குறுக்கே பேசினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். 18–19இல் யாரும் "கொழுக்கட்டை!" என்று கத்தவில்லை என்றால் தொடக்கத்தில் கொழுக்கட்டையைப் போதுமான அளவு பெரிதாகக் காட்டவில்லை என்று அர்த்தம், 4–5க்குத் திரும்பிப் போங்கள். 21இல் தலையைப் பற்றிக் கவலைப்படவில்லை என்றால் மூன்று எச்சரிக்கையில் ஏதோ ஒன்று படத்தில் மறைந்துவிட்டது. எங்கே கவனம் சிதறியதோ, அங்கே அநேகமாக விளக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அதை எடுத்துவிட்டு மறுபடி படியுங்கள்.

சிரிக்காத குழந்தைகளையும் பாருங்கள். சிலர் உள்ளூர ரசிப்பவர்கள். அவர்கள் கூட்டம் கலைந்த பின் வந்து பூனையைக் காட்டுவார்கள்.

8. அச்சும் வெளியீடும்

வீட்டுக்கும் வகுப்பறைக்கும் மட்டும் என்றால் மாதிரிப் புத்தகத்துக்கே வண்ணம் தீட்டி, நூலால் நடுவில் தைத்தால் போதும். பலருக்கும் இலவசமாகப் போய்ச் சேர வேண்டும் என்றால் பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம் இருக்கிறது. அங்கே கதைகள் திறந்த உரிமத்தில் வெளியாகின்றன. உங்கள் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். ஓவியரின் சம்மதத்தையும் வாங்கிக்கொண்டு அதில் இறங்குங்கள். பதிப்பகத்துக்கு அனுப்பினால் முழு வண்ணப் படங்கள் தேவையில்லை. எழுத்தும், பக்கப் பிரிப்பும், ஒன்றிரண்டு மாதிரிப் படங்களும் போதும்.

சொந்தமாக அச்சிடுபவர்கள் உள்தாளுக்கு 130 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு), அட்டைக்கு 250 அல்லது 300 ஜிஎஸ்எம் கேட்கலாம். மிகப் பளபளப்பான தாள் விளக்கொளியில் கண்ணைக் கூசும். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என் எண்ணுக்கு ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. பதிப்பு விவரப் பக்கத்தில் கதையைச் சொன்னவர்களின் பெயரையும் ஊரையும், அவர்கள் சம்மதித்தால், போடுங்கள். ஓவியரின் பெயர் அட்டையில், எழுத்தாளரின் பெயருக்குச் சமமான அளவில் வர வேண்டும். படப் புத்தகத்தில் பாதிக் கதை அவர் சொன்னது.

கடைசியாக உள் அட்டையில், படித்துக் காட்டும் பெரியவருக்கு மூன்று வரி எழுதி வையுங்கள். பக்கம் 11இல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், புரட்டுவதைக் குழந்தையிடம் விடுங்கள். பலகாரங்கள் வரும் பக்கத்தில் விடையை நீங்கள் சொல்லாதீர்கள். முடித்ததும் "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்று கேட்காமல், "இன்னொரு வாட்டி படிக்கலாமா?" என்று கேளுங்கள்.